நாற்பது ரவைகளும் என் பெருவிரலும்

என் வலது கைப் பெருவிரலின் அடிமூட்டைப் பற்றி மூன்று மருத்துவர்கள் நான்கு கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் இரண்டு முறை பார்த்து இரண்டு விதமாகச் சொன்னார். நாலிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: அதிர்வு கூடாது.

நானோ பதின்மூன்று வருடமாக ஞாயிறு காலைகளில் சுழல் துப்பாக்கியால் இலக்குச் சுடுகிறவன். அதுவும் சிறியது அல்ல. நாற்பத்துநான்கு மக்னம் என்று அதற்குப் பெயர். ஆறு அறை, வெறுமையாக ஒரு கிலோ முந்நூற்றெண்பது கிராம். அதன் ஒரு ரவை என் சின்னவிரலைவிடத் தடிப்பு. ரவை என்றால் இந்தியத் தமிழர் உப்புமாவை நினைப்பார்கள். யாழ்ப்பாணத்தாராகிய எங்களுக்கு அது துவக்கில், அதாவது துப்பாக்கியில், போடுவது. பித்தளைக் கோது, அதன் அடியில் பொறி தட்டும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் ஈயச் சன்னம். இந்த நான்கையும் நானே வாங்கி, வீட்டின் கீழறையில் வைத்து நானே பொருத்துகிறேன். இங்கே ஜெர்மனியில் அதற்கு ஒரு வகுப்பு, ஒரு பரீட்சை, அன்ட்ராக் என்று ஒரு விண்ணப்பம், டேர்மின் என்று கந்தோரில் இரண்டு சந்திப்பு வேண்டும். எல்லாம் முறைப்படி முடித்து, அனுமதிப் பத்திரத்தில் மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள்," என்று என் மனைவி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். "இவர் இஞ்சை காசு குடுத்து அந்தச் சத்தத்தைக் கேக்கப் போறார்."

நான் சுட்ட கடுதாசியை எடுத்துக் காட்டுவேன். கடுதாசியில் பத்து வட்டம். நடு வட்டத்துக்குப் பத்துப் புள்ளி. எதிரில் யாரும் நிற்பதில்லை. எண்ணுகிற எனக்கு இதைவிட ஒழுங்கான விளையாட்டு அகப்படவில்லை.

எங்கள் சங்கம் கொலோனுக்குக் கிழக்கே மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. வீட்டிலிருந்து இருபத்தாறு நிமிடம், பதினொரு சிக்னல். பெருந்துவக்கு அணியில் மூன்று பேர். தலைவி முப்பத்தொரு வருடம் தபால் கொண்டு திரிந்து ஓய்வு பெற்றவர். இரண்டாமவர் கூரை வேய்கிறவர். என்னைவிடப் பத்தொன்பது வயது இளையவர், அவருடைய மணிக்கட்டு என் கணுக்கால் அளவு. மூன்றாவது நான், எழுபத்தொன்று.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, பயிற்சியின்போது, இருபத்துமூன்றாவது ரவையோடு துவக்கைத் திறந்து மேசையில் வைத்துவிட்டேன். போட்டிக்கு நாற்பது சுடவேண்டும்.

தலைவி காதுமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அவர்கள் பேசியது ஜெர்மன். நான் என் பேச்சில் எழுதுகிறேன்.

"என்ன, ரவை முடிஞ்சுதோ?"

"ரவை இருக்கு. விரல்தான் முடிஞ்சுது."

"பட்டாணிக்காரன் இருபத்துமூண்டோட எண்ணுறதை நிப்பாட்டிட்டான்!" என்று கூரைக்காரர் மண்டபம் கேட்கக் கத்தினார்.

சின்ன விஷயத்தைப் பிடித்துத் தொங்குகிறவனைப் பட்டாணி எண்ணுகிறவன் என்று சொல்வது இந்த ஊர் வழக்கம். சங்கத்தில் எனக்கு அதுதான் பெயர். கோபிப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் நான்கு வருடம் கணிதம் படிப்பித்தவன், இங்கே ஒரு தொழிற்சாலையின் அளவறையில் இருபத்தேழு வருடம் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கை எண்ணியவன். பட்டாணி எனக்குப் பெரிய சாமான்.

தலைவி போட்டிப் பெயர்ப் பட்டியலை எடுத்தார். தன் பெயரையும் கூரைக்காரர் பெயரையும் பேனையால் எழுதினார். பிறகு பேனையை வைத்துவிட்டுப் பென்சிலைத் தேடி எடுத்து என் பெயரை எழுதினார்.

"பெப்ரவரிக் கடைசியிலை இதை அனுப்பவேணும்," என்றார். "நாப்பதும் சுட ஏலுமெண்டு காட்டு, பேனையாலை எழுதுறன். ஏலாட்டி அழிச்சுப்போட்டுப் பல்லு டொக்டரைப் போடுறன். குறை நினையாதை."

பல்லு டொக்டர் நல்ல மனிதர். சங்கத்தில் சேர்ந்து இரண்டு வருடம். கடையில் வாங்கிய ரவையைப் பெட்டியோடு கொண்டுவந்து சுடுவார். என் இடத்தில் அவர் பெயர் பேனையால் எழுதப்படுவதை நினைத்து அந்த வாரம் ஏழு இரவில் ஐந்து சரியாகத் தூங்கவில்லை.

மருந்தைக் குறைத்தால் உதை குறையும். அது யாருக்கும் தெரியும். ஆனால் போட்டி விதி ஒன்று இருக்கிறது: சன்னத்தின் நிறையை வேகத்தால் பெருக்கி வருகிற உந்தம் குறித்த எண்ணுக்குக் கீழே போகக்கூடாது. பெரிய துவக்கை வைத்துக்கொண்டு குழந்தை ரவை சுடுவதைத் தடுக்க வந்த விதி. போட்டியன்று உங்கள் பெட்டியில் கைவிட்டு எடுத்து அளப்பார்கள். குறைந்தால் உங்கள் புள்ளி மட்டும் போகாது, அணியும் போகும்.

எங்கள் சங்கத்தில் எல்லோரும் இருநூற்று நாற்பது கிரேன், அதாவது பதினைந்தரைக் கிராம், சன்னம் போடுகிறார்கள். நானும் பன்னிரண்டு வருடம் ஏன் என்று கேட்காமல் அதையே போட்டேன். இப்போது கேட்டேன். கூரைக்காரர் சொன்னார், "சின்னச் சன்னம் போடு, சின்ன உதை."

நூறு சன்னம் வாங்கினேன், இருநூறு கிரேன். பன்னிரண்டு சுட்டேன். மீதி எண்பத்தெட்டும் இன்னும் தட்டில் இருக்கின்றன. பெருக்கலில் ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கம் கூடவேண்டும். வேகம் கூட்ட மருந்து கூடியது. மருந்து எரிந்து வாயுவாக முன்னே பாய்கிறதே, அந்தப் பாய்ச்சலும் சேர்ந்துதான் கையில் உதைக்கிறது. பன்னிரண்டாவது ரவைக்குப் பிறகு காரின் ஸ்டியரிங்கை நாலு விரலால் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

அன்று பின்னேரம் கணக்கை மறுபக்கமாகப் போட்டுப் பார்த்தேன். சன்னம் கனத்தால் வேகம் குறையலாம். வேகம் குறைந்தால் மருந்து குறையலாம். உந்தம் அதேதான், வாயுவின் பங்கு மட்டும் சுருங்கும். கதவை அறைவதற்கும் தள்ளிச் சாத்துவதற்கும் உள்ள வித்தியாசம். நான்கு வரிக் கணக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டியவன், என் சொந்தக் கைக்குப் போட எழுபத்தொரு வயதாயிற்று.

முந்நூறு கிரேன் சன்னம் வாங்கிக்கொண்டு சங்கத்துக்குப் போனதும் கூரைக்காரர் ஒன்றை உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார்.

"காட்டுப்பண்டி வேட்டையோ?"

"இல்லை. என்ரை விரலுக்கு மருந்து."

அடுத்தது வெடிமருந்து. இங்கேதான் நான் பிழை விட்டேன். அந்தப் பிழையை என்னைப்போல ஒருவன்தான் விட்டிருக்க முடியும். அச்சிட்ட கைநூலில் அந்தச் சன்னத்துக்குப் பல மருந்து போட்டிருந்தது. ஒன்று பொடிமணல் போல நுண்ணியது. அளவைக் குழலில் வழுவழுவென்று விழும். இருபது தடவை விழுத்தி நிறுத்தேன், இருபதும் ஒரே நிறை. இன்னொன்று தவிட்டுச் சக்கை போலத் தட்டைத் துணுக்கு. குழலில் சிக்கிச் சிக்கி விழுந்தது, இருபதில் எட்டுத்தான் ஒத்துவந்தது. எண்கள் ஒத்துவந்தால் எனக்கு வேறொன்றும் கண்ணில் படாது. நுண்மருந்தைத் தேர்ந்தேன்.

கீழறைக்குப் பதினான்கு படி. நான் ரவை நிரப்பும்போது தொலைபேசி மேலே இருக்கும், வானொலி இல்லை, மனைவி மூன்று தட்டுத் தட்டிக் காத்து நின்றுதான் வரவேண்டும். ஐம்பது துளைப் பலகையில் ஐம்பது கோதையும் நிறுத்தி, மருந்து விழுத்திய பின், டோர்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பேன். ஒரு கோதில் இரண்டு தரம் விழுந்துவிட்டால் துவக்கும் போகும், கையும் போகும்.

"என்னப்பா, நீங்களும் பல்லு டொக்டர் வேலைதான் பாக்கிறியள்," என்றாள் வாசலில் நின்று. "ஒவ்வொண்டாய் வாயைத் திறந்து பாக்கிறியள்."

"அவன்ரை பேரை எடாதையும்."

"சரி, எடுக்கேல்லை. தேத்தண்ணி ஆறுது."

ஜனவரியில் சங்கத்து மேசையில் முழங்கையை ஊன்றி, வேகமானிக்கு மேலாகப் பத்து ரவை சுட்டேன். ஆகக் கூடியதற்கும் ஆகக் குறைந்ததற்கும் செக்கனுக்கு நான்கு மீற்றர்தான் வித்தியாசம். உந்தம் எல்லையைவிட ஒன்பது மேலே. இலக்கில் ஓட்டைகள் மேலே ஏறியிருந்தன. கனச் சன்னம் அப்படித்தான். துவக்கின் பின்குறியைத் திருகிப் பதினான்கு கிளிக் இறக்கினேன், நடுவுக்கு வந்தது. பிறகு மேலும் முப்பது சுட்டேன். நாற்பதாவது சுட்டுவிட்டுப் பெருவிரலை மடக்கி நீட்டிப் பார்த்தேன். மடங்கியது. நீண்டது.

நேரே தலைவியிடம் போனேன். "பேனையை எடு."

"எழும்பி நிண்டு சுட்டியோ?"

"மேசையிலை."

"போட்டியிலை மேசை தரமாட்டினம். நிண்டு சுட்டுக் காட்டு, எடுக்கிறன்."

அதற்கு அடுத்த மாதம்தான் நேரம் கிடைத்தது, பட்டியல் போவதற்குப் பன்னிரண்டு நாள் முந்தி. போட்டியில் இருக்கிற மாதிரியே நின்றேன்: கை நீட்டி, குழல் கீழ்நோக்கி நாற்பத்தைந்து பாகை சரிவில், விளக்கு மாறியதும் உயர்த்திச் சுடவேண்டும். தலைவி வேகமானியை முன்னே வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து சுட்டேன். அவர் வேகம் எழுதிய கடுதாசியை என்னிடம் நீட்டினார். பத்தில் ஏழு எல்லைக்குக் கீழே.

"கை ஆடுது," என்றார் கூரைக்காரர், இந்த முறை கத்தாமல். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. "வயசு போனால் ஆடும்தானே."

"கை ஆடினால் குறி மாறும். வேகம் எப்பிடி மாறும்?"

"அப்ப மருந்தைக் கொஞ்சம் கூட்டு."

"கூட்டினால் விரல் போம்."

தலைவி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "பன்னெண்டு நாள்," என்றார். "அதுக்குமேலை என்னாலை ஏலாது."

வீட்டுக்கு வந்து குறிப்புப் புத்தகத்தை விரித்தேன். அதே கோது, அதே சன்னம், நிறுத்த மருந்து, அதே துவக்கு, அறையின் வெப்பம்கூட அதே பதினாறு பாகை. ஒத்தவற்றை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனேன். பதினேழு வரி அடித்த பிறகு பதினெட்டாவது வரி அடிபடாமல் நின்றது. மேசையில் சுட்டபோது, ஒவ்வொரு ஐந்தும் நிரப்பி, குழலை வானம் பார்க்கப் பிடித்து இறக்கியிருக்கிறேன். நின்றபோது குழல் நிலத்தைப் பார்த்தது.

மனைவியின் கண்மருந்து வந்த கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மூன்றில் ஒரு பங்கு சீனி போட்டு மூடினேன். மேல்நோக்கிப் பிடித்து மெல்லப் படுக்க வைத்தேன்: சீனி அடியோடு ஒட்டிக் கிடந்தது. கீழ்நோக்கிப் பிடித்துப் படுக்க வைத்தேன்: சீனி எல்லாம் மூடிப்பக்கம். அடியில் வெறுமை. பொறி தட்டுவது அடியில்! கோதில் மூன்றில் ஒரு பங்கும் நிரப்பாத என் அருமை நுண்மருந்து, குழல் கீழே பார்த்தால் சன்னத்தை நோக்கி ஓடிவிடுகிறது. பொறி வெறும் காற்றில் விழுகிறது. வேகம் விழுகிறது.

"இஞ்சாரும், ஓடி வாரும்!"

"என்ன, விழுந்திட்டியளோ?"

"இதைப் பாரும். மேலை, கீழை. மேலை, கீழை."

அவள் நாலைந்து தரம் பார்த்தாள். "குப்பி நிறையச் சீனி போட்டால் ஓடாதே," என்றாள். "இதுக்கோ இவ்வளவு சத்தம்?"

நிறையப் போட்டால் ஓடாது. நான் அவளிடம் அதைக் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். நிறைக்கு நிறை இடம் அதிகம் பிடிக்கிற மருந்து எது? தவிட்டுச் சக்கை போன்ற அந்தத் தட்டைத் துணுக்கு. ஒழுங்காக விழவில்லை என்று நான் ஒதுக்கி வைத்தது. அதை இரண்டு தரம் விழுத்தினால் கோது வழிந்து ஊற்றும், கண்ணுக்கே தெரியும் என்பதையும் அப்போதுதான் யோசித்தேன். அளவைக் குழலில் ஒத்துவராவிட்டால் என்ன? குழலைத் தள்ளிவைத்துவிட்டு ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்தால் போயிற்று. யாருக்கு அதற்குப் பொறுமை இருக்கும்? எனக்கு இருக்கிறது.

ஆனால் முதலில் நிரூபிக்கவேண்டும். மீதமிருந்த பழைய ரவையில் பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த நாளே சங்கத்துக்குப் போனேன். தலைவியும் கூரைக்காரரும் நின்றார்கள். ஒற்றை எண் ரவைகளுக்கு முன் குழலை மேலே பிடித்து இறக்குவேன், இரட்டை எண்ணுக்குக் கீழே பிடித்து உயர்த்துவேன் என்று சொல்லிவிட்டுச் சுட்டேன். கூரைக்காரர் வேகமானியை வாசித்தார்.

"கூட. குறைய. கூட. குறைய..." ஆறாவதில் அவருடைய குரல் மாறிவிட்டது. "குறைய. இவன் சொல்லிச் சொல்லிச் சுடுறான். குறைய எண்டால் குறையுது!"

பத்தும் சொன்னபடி. தலைவி பத்து எண்ணையும் தானே ஒருமுறை வாசித்தார். பிறகு, "நானும் அந்தப் பொடிமருந்துதான் போடுறன்," என்றார். அவருக்கு உந்தம் எல்லைக்கு வெகு மேலே இருந்ததால் இருபது வருடமாகத் தெரியவில்லை.

கைநூலில் புது மருந்துக்குப் போட்டிருந்த தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து, சிறு படியாக நான்கு படி ஏறினேன். நான்காவது படியில் உந்தம் எல்லைக்கு ஆறு மேலே நின்றது. குழல் மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் வித்தியாசம் மூன்று மீற்றருக்குள். விரல் மடங்கியது, நீண்டது. நின்றபடியே நாற்பது சுட்டேன். தலைவி என் கண்ணுக்கு முன்னால் பென்சில் எழுத்தை அழித்து, கடுதாசியை ஊதி, பேனையால் எழுதினார். என் பெயர் நீளம் என்பதால் வரி போதவில்லை. கடைசி மூன்று எழுத்தும் ஓரத்தில் ஏறி நின்றன. இருக்கட்டும்.

போட்டிக்கு நூற்றிருபது ரவை நிரப்பினேன், ஒவ்வொன்றும் தராசில். ஒன்பது மணித்தியாலம், மூன்று நாளில்.

போட்டி மார்ச்சில், பக்கத்து ஊர் மண்டபத்தில். பல்லு டொக்டரும் வந்திருந்தார், ஒரு குடுவை கோப்பியோடு. மாற்று ஆளாக அவர் பெயரையும் போட்டிருந்தார்கள். சோதனை மேசையில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய ஒருவர் இருந்தார். என் பெட்டியில் கைவிட்டு நாலு ரவை எடுத்தார். ஒன்றை உடைத்துச் சன்னத்தை நிறுத்தார். மற்ற மூன்றையும் என்னைச் சுடச் சொன்னார்.

"குழலைக் கீழை பிடிச்சு, பிறகு உயர்த்திச் சுடுங்கோ," என்றார்.

எனக்குப் பின்னால் நின்ற கூரைக்காரர் பலமாகத் தும்முவதுபோலச் சிரித்தார்.

மூன்று வேகமும் இரண்டு மீற்றருக்குள். உந்தம் எல்லைக்கு ஆறு மேலே. அந்த மனிதர் நெற்றிக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி எண்ணையும் என்னையும் பார்த்தார்.

"இது மெசினிலை நிரப்பினதோ?"

"கையாலை."

"ஒவ்வொண்டாயோ?"

"நூற்றிருபது," என்றேன்.

முதல் இருபதும் ஆறுதலாகச் சுடுவது: நூற்றெண்பத்தாறு. பிந்திய இருபதும் அவசரம், ஐந்து ரவைக்கு இருபது விநாடி. மூன்று சுற்றில் நூற்றுமுப்பது எடுத்திருந்தேன். எங்கள் மற்ற இருவரும் முடித்துவிட்டார்கள். முன்னணியில் இருந்த அணியும் ஆயிரத்து நூற்றொன்றோடு முடித்துவிட்டது. என் கடைசி ஐந்தில் நாற்பத்தைந்து எடுத்தால் சமன். தலைவி இதை என்னிடம் சொல்லவில்லை, பதறுவேன் என்று. நான் ஏற்கனவே கூட்டிப் பார்த்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. பதறிக்கொண்டும் இருந்தேன்.

விளக்கு மாறியது. கையை உயர்த்தினேன். ஒன்பது. பத்து. ஒன்பது. அதிர்வு தோள்வரை ஒரு தள்ளாகப் போய் நின்றது. பெருவிரலில் ஒன்றும் இல்லை. பத்து. நாற்பதாவது ரவைக்கு ஆறு விநாடி மிச்சம் இருந்தது. அதில் நான்கை எடுத்துக்கொண்டேன். பத்து.

நாற்பத்தெட்டு. மொத்தம் ஆயிரத்து நூற்றுநான்கு. மூன்று புள்ளியால் முதலிடம்.

கூரைக்காரர் என்னைத் தூக்கினார். பேச்சுக்குச் சொல்லவில்லை, இரண்டு கால்களும் நிலத்தைவிட்டுப் போயின. "பட்டாணிக்காரன்!" என்று கத்தினார். பல்லு டொக்டர் கோப்பி ஊற்றித் தந்தார். கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கனச் சன்னம் எங்கே வாங்குவது என்று மெதுவாகக் கேட்டார். தராசும் வாங்கவேண்டும் என்று சொன்னேன். தலைவி அடுத்த வருடத்துப் பெயர்ப் பட்டியல் கடுதாசி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, அங்கேயே சுவரில் வைத்து, முதல் வரியில் என் பெயரைப் பேனையால் எழுதினார். இந்த முறை சின்ன எழுத்தில் தொடங்கியதால் வரிக்குள் அடங்கியது.

புறப்படும்போது கூரைக்காரர் காரிலிருந்து பட்டாணி அடைத்த பெரிய தகரம் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். வரும்போதே வாங்கி வைத்திருந்தாராம். தோற்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டேன். "அப்பவும் தந்திருப்பன்," என்றார். "வேறை முகத்தோட."

வீட்டில் அந்தத் தகரத்தின் வளையத்தில் பெருவிரலைக் கொடுத்து இழுத்தேன். உயிர் போனது. மனைவி வாங்கி ஒரே இழுப்பில் திறந்தாள்.

"நாப்பது தரம் வெடி வச்ச கைக்கு ஒரு தகரம் திறக்க ஏலாதோ?"

"அதுக்குச் சரியான சன்னம் இன்னும் கண்டுபிடிக்கேல்லை."

"கண்டுபிடியுங்கோ. அதுக்கு முதல் இதை வடியுங்கோ, கறி வைக்கவேணும்."

வடித்தேன். வடிக்கும்போது எண்ணவும் செய்தேன். தோல் கழன்ற ஏழு பட்டாணியைச் சேர்க்காமல், அறுநூற்றுப் பதினெட்டு.